உள்ளூருக்கு ஒரு யாத்திரை



சென்ற கோடை விடுமுறையில் நானும் என் குடும்பத்தாருமாக அறுவர், ஒரு வாடகை வேனில் இரண்டு நாள் யாத்திரை சென்றோம். எங்கே சென்றோம் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். காசிக்கன்று, நீலகிரிக்குமன்று. திருச்சிராப்பள்ளியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நாங்கள், திருச்சிராப்பள்ளியைப் பார்க்கவே புறப்பட்டோம். "உள்ளூரைப் பார்க்க வேன் எதற்கு? நகரப் பேருந்தில் போனால் ஆகாதா?" என்று என் மனைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்தப் பிரயாணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குப் பெருமை தரும் காரணம் அன்று. இருப்பினும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இப்போது பிரான்ஸ் தேசத்தில் பணிபுரிகிறார். அவர் தம் மனைவி மக்களுடன் அந்நாட்டின் வடபகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். அவர்கள் சென்ற வாகனம் விசித்திரமானது. வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றி வைத்தாற்போன்றது. அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே உண்டாம். அவ்வண்டியில் ஆமியான் நகரம் சென்று, 1220ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாதா கோயிலைப் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் நிகழ்ந்த வயல்வெளிகளையும் பார்த்திருக்கிறார்கள். நவ்ஷப்பேல் என்னும் சிற்றூரில், அப்போரில் மடிந்து கல்லறைகூட இன்னதென்று தெரியாமற்போன இந்தியப் போர்வீரர்களுக்காக 1927இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் இருக்கிறது. நாலாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பெயர்களை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நடுவிலுள்ள தூணின் இருபுறமும் இரண்டு கற்புலிகள் காவல் இருக்கின்றன. அப்பெயர்களைத் தம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்ததாக அவர் எழுதியிருந்தார்.

பிறகு அவர்கள் லாந்த்ரசி என்ற ஊருக்குச் சென்றார்களாம். புதுச்சேரியின் ஆளுநராயிருந்து, தென்னாட்டில் ஒரு பிரெஞ்சுப் பேரரசை நிறுவக் கனவு கண்டாரே டூப்ளே, அவர் பிறந்த ஊர் அதுதான். அங்கே உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இவரை, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவியிருக்கிறார். "திருச்சிராப்பள்ளியை அடுத்த ஸ்ரீரங்கம்" என்றிருக்கிறார் இவர். "அப்படியா! டூப்ளேயின் படை சரணடைந்த இடமல்லவா அது? அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்டாராம். இவரால் பதில் சொல்ல முடியவில்லை.

கடிதத்தின் இறுதி வரிகள் இவை: "ஐயா, ஒன்பதாம் வகுப்பில் தாங்கள் கர்நாடகப் போர்களை நடத்தியபோது, 'நம் ஸ்ரீரங்கத்திலா? எந்த இடத்தில் ஐயா?' என்று நான் எழுந்து கேட்டேன். 'அது பரீட்சைக்கு வராது, உட்கார்' என்றீர்கள். தங்களுக்கு நினைவிருக்கிறதோ, இல்லையோ!"

எனக்கு நினைவில்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருப்பேன் என்பதில் ஐயமில்லை. ஏனென்றால் எந்த இடம் என்பது எனக்கும் தெரியாது. 34 ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தேன். "1752, ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார்" என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அப்பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கம் ஐந்து கல் தொலைவுகூட இல்லை. ஒரு வகுப்பையேனும் அங்கே அழைத்துச் சென்றதில்லை. இந்த வெட்கமே எங்களை வேனில் ஏற்றியது.

பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் இரண்டு பேரக் குழந்தைகளுடன் வந்திருந்தார்கள். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. பேரன் ஐந்தாம் வகுப்பு. என் மனைவியார் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டார். நான் நூலகத்திலிருந்து இராபர்ட் ஆர்ம் எழுதிய போர்ச் சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். ஆர்ம் என்பவர் சென்னையில் கும்பினியாரின் ஆலோசனை சபையில் இருந்தவர்; அவர் நூலின் முதற்பகுதி 1763இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் பக்கமே சாய்ந்து எழுதியவர்தான். ஆனாலும் மண்மேட்டையும் வாய்க்காலையும் விடாமல் எழுதிவைத்த மனிதர்.

முதலில் மெயின்கார்டு கேட்டுக்குப் போனோம். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் துணி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் அதனுள் நுழைந்து போகிறார்களே, அது பழைய கோட்டையின் மேற்கு வாயில். அங்கிருந்து செல்லும் சாலைக்கு மேலப் புலிவார்டு சாலை என்று பெயர். "இங்கே புலி இருந்ததா, தாத்தா?" என்றான் பேரன். புலியும் இல்லை, வார்டும் இல்லை. புலிவார்டு என்பது பிரெஞ்சுச் சொல்லின் சிதைவு. கோட்டைக் கொத்தளம் என்பதே அதன் பழம்பொருள். பாரிஸ் நகரத்தில் பழைய மதிலை இடித்த இடத்தில் அகன்ற சாலை அமைத்தபோது, கொத்தளத்தின் பெயரே சாலைக்கும் நிலைத்தது. திருச்சியிலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள்!

1753ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஓர் இருண்ட இரவில், பிரெஞ்சு வீரர்கள் இந்த மேற்குப் பக்கமாகவே ஏணி வைத்துக் கோட்டைமேல் ஏறினார்கள். கோட்டைக்கு இரண்டு சுவர்கள். சத்தமின்றி ஏற வேண்டும், துப்பாக்கி சுடவே கூடாது என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. வெளிச்சுவரை எளிதாகப் பிடித்துவிட்டார்கள். பிடித்த மகிழ்ச்சியில், அங்கிருந்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்து ஆரவாரித்தார்கள். அவ்வளவுதான், ஊர் விழித்துக்கொண்டது. ஏணிகள் நொறுங்கின. மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், விடியும்வரை இரு சுவர்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு, முந்நூறுக்கு மேற்பட்டோர் கைதியானார்கள். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் எந்தப் பிள்ளை தூங்கியிருக்கும்? எங்கள் பாடப்புத்தகத்தில் இது இல்லை, நானும் தேடவில்லை.

அடுத்து மலைக்கோட்டை. நானூறுக்கு மேற்பட்ட படிகள். என் மனைவியாருக்கு முழங்கால் வலி. மேற்குடைவரை வரையில் வந்து, மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த அந்தக் குகையின் குளிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டார். கங்கையைச் சடையில் தாங்கும் சிவபிரான் சிற்பம் எதிரே இருக்க, அவருக்கு வேறென்ன வேண்டும்? ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைமையுடைய அச்சிற்பத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். இன்று போரைப் பற்றிப் பேசப் புறப்பட்டுவிட்டேன்.

நாங்கள் ஐவர் உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரை ஏறினோம். மாணவர்களே, கர்நாடகப் போரைக் கற்க வேண்டிய வகுப்பறை அந்த உச்சிதான். வடக்கே நோக்கினால் முதலில் காவிரி. அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கிடையே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம். தென்கிழக்கே பொன்மலை தெரிகிறது. இன்று அதன் அடியில் ரயில்வேத் தொழிற்சாலை இருக்கிறது. 1753 ஜூன் மாதத்தில் அதன்மேல் ஏறிய பிரெஞ்சுப் படையை ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் விரட்டினார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்காட்டு நவாபுப் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் சந்தா சாகிபு. அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர். மற்றவர் முகம்மது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயர். 1749இல் தந்தையை ஆம்பூர்ப் போரில் இழந்த முகம்மது அலி ஓடிவந்து புகுந்த இடம் இந்தத் திருச்சிக் கோட்டை. 1751இல் சந்தா சாகிபுவும் பிரெஞ்சுக்காரரும் இதனை முற்றுகையிட்டார்கள். கிளைவு ஆற்காட்டைப் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். அது இம்முற்றுகையின் கவனத்தைத் திருப்புவதற்காகச் செய்த காரியம். 1752 மார்ச் மாத முடிவில் லாரன்சும் கிளைவும் திருச்சிக்கே வந்து சேர்ந்தார்கள். மைசூர்ப் படை, முராரி ராவின் மராட்டியக் குதிரைப் படை, தஞ்சாவூர்ப் படை எல்லாம் முகம்மது அலியின் பக்கம் இருந்தன. அஞ்சிய பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட்டார்.

"இரண்டு பக்கமும் ஆறு, பாதுகாப்புத்தானே?" என்றாள் பேத்தி.

நாங்கள் நின்றது மே மாதம். ஆற்றைப் பார் என்றேன். காவிரியில் மணல்தான் பெரிதும் தெரிந்தது. வேனிலில் ஆறு அரணாகாது. எதிரி நடந்தே வந்துவிடுவான். ஆனால் தீவுக்குள் இருப்பவனுக்குத் தானியம் வர வேண்டுமே! தெற்கே லாரன்ஸ், கிழக்கே தஞ்சைத் தளபதி மானோஜி, மேற்கே மைசூரார். எஞ்சிய வடதிசையை அடைக்கக் கிளைவு கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் முகாமிட்டார். பேத்தி வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "லா தானாகவே கூண்டுக்குள் போயிருக்கிறார்" என்றாள். நான் 34 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியும் எந்த மாணாக்கரும் சொல்லாத வாக்கியம் அது. குற்றம் அவர்களுடையது அன்று.

நண்பகலுக்கு மேல் திருவானைக்கா சென்றோம். பிரெஞ்சுக்காரர் தங்கியது இந்த ஜம்புகேசுவரர் ஆலயத்தில். சந்தா சாகிபுவின் படைகள் தங்கியது ஸ்ரீரங்கநாதர் ஆலயத்தில். கோயில் மதில்களே கோட்டை மதில்களாயின. இறைவன் அப்புலிங்கமாக விளங்கும் தலம் இது. ஆலயத்தின் வெளித் திருநீற்று மதிலின் நிழலில் வேனை நிறுத்திப் புளியோதரை உண்டோம்.

மாலையில் ஸ்ரீரங்கம். தெற்கு ராஜகோபுரத்தின் முன் இறங்கினோம். 236 அடி உயரம், 13 நிலைகள். 1987இல்தான் இது நிறைவு பெற்றது. போர்க் காலத்தில் அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரமாக இருந்தது. இங்கிருந்து மதில்களை எண்ணிக்கொண்டு நடந்தோம். அடையவளஞ்சான் வீதி, அடுத்த கோபுரம், சித்திரை வீதி, அதற்கடுத்த கோபுரம், உத்தர வீதி. பூக்கடையும் வளையற்கடையும் காப்பிக் கடையுமாக மக்கள் வாழும் வீதிகள் இவை. ஏழு சுற்றுக்களும் 21 கோபுரங்களும் கொண்ட இக்கோயிலில் ஊரே கோயிலுக்குள் இருக்கிறது.

மூன்றாம் மதிலின் வாயிலில் நின்று ஆர்மின் நூலைத் திறந்தேன். 1752 ஜூன் மாதத்தில் உணவும் ஒழிந்து, உதவிக்கு வந்த படையும் வழியிலேயே பணிந்துவிட, லா சரணடைந்தார். ஏறக்குறைய 800 பிரெஞ்சு வீரர்களும், 2,000 இந்தியச் சிப்பாய்களும் ஆயுதங்களை வைத்தார்கள். ஆனால் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் சந்தா சாகிபுவின் படையைச் சேர்ந்த ராஜபுத்திர வீரர் ஆயிரவர் இருந்தார்கள். தலைவனும் தோற்றான், கூலி கொடுப்பாரும் இல்லை, வெளியே நான்கு படைகள். அந்நிலையிலும் அவர்கள், வெற்றி பெற்றவர்களில் எவனாயினும் மூன்றாம் மதிலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தால் வெட்டிப்போடுவோம், அதில் நாங்கள் மடிந்தாலும் சரி என்று சொல்லி அனுப்பினார்களாம். ஆங்கிலேயர் அவர்களுடைய உறுதியை வியந்து, அப்படி நுழைய மாட்டோம் என்று வாக்களித்தார்கள் என்று ஆர்ம் எழுதுகிறார்.

ராஜஸ்தானம் எங்கே, காவிரிக்கரை எங்கே! அவர்களுள் எவர் பெயரும் நமக்குத் தெரியாது. என் மருமகள் வாயிலின் இருபுறமும் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு கல்லும் இல்லையே, மாமா" என்றாள். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர். இவர்களுக்கு மட்டும் ஒரு கல் இல்லை. நவ்ஷப்பேலில் பெயர்களை வாசித்த குழந்தைகள் என் நினைவுக்கு வந்தார்கள். பிறகு உள்ளே சென்று பெருமாளைச் சேவித்தோம்.

மறுநாட் காலை சமயபுரம். அம்மனைத் தரிசிக்க வரும் கூட்டத்தில் போரைப் பற்றிப் பேச இடமில்லை. வேன் ஓட்டிய தம்பி இலால்குடியைச் சேர்ந்தவர்; முதல் நாள் முழுவதும் பேசாமல் இருந்தவர், அன்று, "எங்கள் ஊரும் சண்டையில் வருகிறதா, ஐயா?" என்று கேட்டார். வருகிறது. பிரெஞ்சுக்காரர் தானியம் சேர்த்து வைத்திருந்த இடம் இலால்குடி. அது பறிபோனபோதே தீவிலிருந்தவர்களின் வயிறு காயத் தொடங்கிவிட்டது. அவர் முகத்தில் அப்போது தோன்றிய பெருமையைப் பார்க்க வேண்டுமே! எங்களை இலால்குடிக்கே அழைத்துச் சென்று, பணம் வாங்க மறுத்து, அறுவருக்கும் இளநீர் வாங்கித் தந்தார்.

பின்னர் திருவானைக்காவுக்குத் திரும்பி, தீவின் நெடுகிலும் உத்தமர்சீலி வழியாகச் செல்லும் சாலையில் கல்லணையை அடைந்தோம். கரிகாற்சோழன் கட்டிய அணை என்பது மட்டுமே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அது ஏன் அங்கே கட்டப்பட்டது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. தீவின் கீழ்க்கோடியில் இரண்டும் நெருங்குமிடத்தில், தடுக்காவிட்டால் காவிரி முழுவதும் கொள்ளிடத்தில் சரிந்து வீணே கடலுக்குப் போய்விடும். தஞ்சைத் தரணி வறண்டுவிடும். அந்தச் சரிவைத் தடுத்து நிறுத்துவதே இவ்விடத்து அணையும் கரையும் செய்யும் வேலை. 1754ஆம் ஆண்டு மே மாதத்தில், தஞ்சை மன்னரை அடக்குவதற்காகப் பிரெஞ்சுப் படையினர் இப்பகுதியில் கரையை வெட்டிவிட்டார்கள். கோட்டையைப் பிடிப்பது போர். உழவனின் தண்ணீரை வெட்டுவது என்ன போர்? ஆங்கிலப் படையின் காவலில் தஞ்சைத் தொழிலாளர் அக்கரையை மீண்டும் அடைத்தார்கள். "வெட்டிய இடம் எது?" என்று பேரன் தேடினான். நீர் அதன் அடையாளத்தை விட்டுவைக்கவில்லை.

லா சரணடைந்த பின்பும் 1754இல் ஏன் போர் என்று நீங்கள் கேட்க வேண்டும். மைசூர்த் தளவாய் நஞ்சராஜர் உதவிக்கு வந்தபோது, திருச்சியையே அவருக்குக் கொடுப்பதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். வென்றபின் கொடுக்க மறுத்துவிட்டார். சினந்த மைசூரார் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்; மேலும் இரண்டு ஆண்டுகள் இவ்வூர் அல்லற்பட்டது. இதைத்தான் நான் வகுப்பில் 'ஆங்கில - பிரெஞ்சுப் போட்டி' என்ற ஒரே தலைப்பில் அடக்கியிருந்தேன்.

திரும்பும் வழியில் கடைசியாக நத்தர்வலி தர்காவுக்குச் சென்றோம். சந்தா சாகிபுவின் முடிவைச் சொல்லவில்லையே! 1736இல், மதுரை நாயக்க வமிசத்து ராணி மீனாட்சியிடம் சத்தியம் செய்து கொடுத்து, இந்தத் திருச்சிக் கோட்டைக்குள் நுழைந்து, அச்சத்தியத்தை மீறியவர் அவர். 1752இல் தீவிலிருந்து தப்ப வேண்டி, பாதுகாப்பாக அனுப்புவதாகச் சத்தியம் செய்த மானோஜியை நம்பி வெளியே வந்தார். அந்தச் சத்தியமும் மீறப்பட்டது. சந்தா சாகிபுவின் தலை வெட்டப்பட்டது. அவர் அடக்கமான இடம் இந்தத் தர்கா. 1795இல் இறந்த முகம்மது அலியின் கல்லறையும் இதே தர்காவில்தான் இருக்கிறது. வாழ்ந்தபோது ஒரே நாட்டில் இருக்க இயலாத இருவரும் ஒரே தர்காவில் கிடக்கிறார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் என் மனைவியாரின் காலைக் கவனித்து, தாமே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பேரன் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவே பிரான்சுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "கேட்டது நினைவில்லை, ஆனால் மன்னித்துவிடு" என்று தொடங்கினேன். எந்த இடம் என்பதைச் சொற்களில் எழுதுவது கடினமாயிருந்தது. பேத்தி ஒரு பெரிய தாளை விரித்து, இரண்டு ஆறுகளையும் நடுவே தீவையும் வரைந்தாள். நான்கு படைகளுக்கு நான்கு வர்ணம். ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில்களையும் சதுரத்துக்குள் சதுரமாகப் போட்டு, வெளியிலிருந்து மூன்றாவது சதுரத்தின் வாயிலில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 'ஆயிரவர்' என்று எழுதினாள். படத்தை மறுநாள் தபாலில் சேர்த்தோம்.